ட்வைஸ் நாட்: இருமுனை முகவரி மாற்றீடு

ஒரு தரவுப் பொதி ரவுட்டரைக் கடக்கும்போது அதன் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி இரண்டையும் ரவுட்டர் ஒருசேர மாற்றி அனுப்பினால் அது ட்வைஸ் நாட் (Twice NAT). கடந்துபோகும் பொதியின் முகவரியை ரவுட்டர் மாற்றுவதற்குப் பெயர்தான் நாட். வீட்டு ரவுட்டரில் நடக்கும் வழக்கமான நாட், பொதி வெளியே போகும்போது அனுப்புநர் முகவரியை மட்டும் மாற்றும். பெறுநர் முகவரியில் கை வைக்காது.

இணையத் தொழில்நுட்ப விதிகளைப் பதிவுசெய்யும் ஆவணங்களுக்கு ஆர்.எஃப்.சி. (RFC) என்று பெயர். நாட் பற்றிய முதல் ஆர்.எஃப்.சி.யான 1631 வந்தது 1994 மே மாதம். இணைய முகவரி முறையான ஐபியின் நான்காம் பதிப்பில் சுமார் 430 கோடி முகவரிகள்தான் உண்டு, அவை தீர்ந்துவிடும் என்ற கவலையில் பிறந்த ஏற்பாடு இது. 1996இல் ஆர்.எஃப்.சி. 1918 என்ற ஆவணம், 10, 172.16 முதல் 172.31, 192.168 என்று தொடங்கும் முகவரிகளை யாரும் உள்ளே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒதுக்கியது. சிக்கலும் அங்கேதான் முளைத்தது. எல்லோரும் ஒரே முகவரிகளை வைத்துக்கொண்டால், பிறகு இரண்டு வலையமைப்புகளை எப்படி இணைப்பது? ஸ்ரீசுரேஷும் ஹோல்ட்ரெஜும் எழுதி 1999 ஆகஸ்டில் வெளியான ஆர்.எஃப்.சி. 2663, இதற்கான வழியை விளக்கி ‘ட்வைஸ் நாட்’ என்ற பெயரில் பதிவுசெய்தது.

கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடை, வெள்ளவத்தையில் ஒரு கடையை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கடையிலும் 192.168.1 வரிசைதான். புறக்கோட்டையில் பில் போடும் கணினி 192.168.1.20, வெள்ளவத்தையில் இருப்புக் கணக்கு சேர்வர் 192.168.1.10. பில் கணினி அந்த எண்ணை நேரே அழைத்தால் பொதி ரவுட்டர் பக்கமே வராது, தன் கடைக்குள்ளேயே தேடும். சரி, சேர்வருக்கு 10.2.2.10 என்று ஒரு மாற்று முகவரி கொடுத்து, பெறுநரை மட்டும் மாற்றினால்? பொதி போய்ச் சேரும், பதில் வராது. அனுப்பியவர் 192.168.1.20 என்று பார்த்ததும், அது தன் கடைக்குள் இருக்கும் கணினி என்றே சேர்வர் நினைக்கும். ஆகவே அனுப்புநரையும் 10.1.1.20 என்று மாற்ற வேண்டும். பதில் திரும்பும்போது இரண்டும் பழையபடி மாற்றப்படும்.

இதைச் சிஸ்கோ நிறுவனத்தின் ரவுட்டரில் அமைப்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உள்ளிருந்து வெளியே போகும் பொதிக்கு அது முதலில் வழியைத் தீர்மானித்து, அப்புறம்தான் முகவரியை மாற்றும். அதனால் 10.2.2.10 என்ற மாற்று முகவரிக்கு வெளிப்பக்கமாக ஒரு வழி முன்கூட்டியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாற்றம் நடக்கும் கட்டத்துக்கே பொதி போகாது.

தமிழில் என்ன சொல்வது? ‘இரட்டை நாட்’ வேண்டாம். அது வேறொன்று: இரண்டு ரவுட்டர்கள் அடுத்தடுத்து நின்று, ஒவ்வொன்றும் தன் பங்குக்கு மாற்றுவது. ஆங்கிலத்திலேயே இவ்விரண்டையும் குழப்புகிறார்கள். ‘இருமுறை’ என்பது ஆங்கிலச் சொல்லுக்கு நேரானதுதான், ஆனால் ஒரே பொதியை இரண்டு தடவை மாற்றுவதாகத் தொனிக்கிறது. இங்கே மாறுவது இரண்டு முனைகள். எனவே ‘இருமுனை’.

‘முகவரி மொழிபெயர்ப்பு’ என்று எழுதுவதையும் நான் ஏற்கமாட்டேன், இங்கே மொழி எதுவும் இல்லை. ‘முகவரி மாற்றம்’ என்றால் வங்கியில் வீடு மாறியதற்கு நிரப்பும் படிவம்தான் நினைவுக்கு வரும். ஒன்றை எடுத்து அதன் இடத்தில் இன்னொன்றை வைப்பதற்கு நம்மிடம் ‘மாற்றீடு’ இருக்கிறது. ஆக, இருமுனை முகவரி மாற்றீடு. பேச்சில் ‘இருமுனை நாட்’ என்றாலே போதும்.

பெயரைக் கொண்டு சேர்வரை அழைக்கும் இடங்களில் இன்னொரு வேலையும் உண்டு. பெயருக்குரிய முகவரி எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ் கொடுக்கும் பதிலில் 192.168.1.10 என்றே இருந்தால் மறுபடியும் பொதி கடைக்குள்ளேயே சுற்றும். அந்தப் பதிலுக்குள் இருக்கும் எண்ணையும் ரவுட்டர் மாற்ற வேண்டும், அல்லது புறக்கோட்டை டிஎன்எஸ்ஸில் 10.2.2.10 என்று தனியாகப் பதிய வேண்டும்.