டிரெய்லரில் இல்லாத காட்சி

பெயர்பெற்ற இயக்குநர் ஒருவரின் அறிவியல் புனைவுப் படம் வரப்போகிறது. இரண்டு நிமிட டிரெய்லர் வெளியாகிவிட்டது. அதில் அரை விநாடி மட்டும் வந்துபோகும் ஒரு ஷாட்: விண்வெளி வீரரின் தலைக்கவசக் கண்ணாடியில் ஏதோ நிழலாடுகிறது. விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் அரை விநாடிக்கு 12. ரசிகர் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கிறார். எட்டாவது ஃபிரேமில் அந்த நிழல் ஒரு முகம்போல் தெரிகிறது. அடுத்த ஷாட்டில் ஒரு முதியவர் கதவைத் திறக்கிறார். வீரர் பார்ப்பது வயதான தன்னையேதான் என்று அந்த நொடியில் ஒரு கதை பிறந்துவிடுகிறது.

இதை வெட்டிவேலை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம் மூளை எப்படி ஊகிக்கிறது என்பதை இவ்வளவு பக்கத்திலிருந்து பார்க்க வேறு வாய்ப்பு எளிதில் கிடைக்காது.

அந்த நிழலையும் முதியவரையும் சேர்த்துவைத்தது யார்? சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷொவ் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி எதையும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை ஒரு சூப் கிண்ணத்துக்கு அடுத்து வைத்தார். அதே முகத்தைச் சவப்பெட்டிக்கு அடுத்தும் வைத்தார். பார்த்தவர்கள் முதலதில் பசியையும் அடுத்ததில் துயரத்தையும் கண்டார்கள் என்று அவருடைய வட்டத்தினர் எழுதிவைத்திருக்கிறார்கள். பின்னாளில் அதைத் திரும்பச் செய்தவர்களுக்கு விளைவு எப்போதும் அவ்வளவு வலுவாகக் கிடைக்கவில்லை. ஆனாலும் டிரெய்லர் வெட்டும் படத்தொகுப்பாளரின் கை இன்றும் அந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது. படத்தில் ஒரு மணி நேர இடைவெளியில் வரும் இரண்டு ஷாட்டுகளை அவர் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவார். ஒருவர் பேசிய வசனத்தை இன்னொருவர் முகத்தின்மேல் ஓடவிடுவார். நடுவிலிருக்கும் காரணத்தை நாமே இட்டு நிரப்புகிறோம். அப்படி நிரப்பியது நமக்குத் தெரிவதில்லை. திரையில் பார்த்ததாகவே நினைவில் பதிகிறது.

அந்த ஊகம் ஏன் இனிக்கிறது என்பதற்கு 1990களில் நரம்பியலாளர் வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் நடத்திய ஆய்வு ஒரு தடயம் தருகிறது. விளக்கு எரிந்தால் பழச்சாறு கிடைக்கும் என்று பழகிவிட்ட குரங்கின் மூளையில், பரிசை எதிர்பார்ப்பதோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள், சாறு வரும்போது துடிக்கவில்லை. விளக்கு எரிந்தபோதே துடித்தன. எதிர்பார்த்த நேரத்தில் சாறு வராவிட்டால் அவற்றின் துடிப்பு வழக்கத்தைவிடவும் தாழ்ந்தது. டிரெய்லர் அந்த விளக்கு. ரசிகரின் மூளை குரங்கின் மூளையைவிடச் சிக்கலானதுதான், ஆனால் முதல் நாள் காட்சி முடிந்ததும் வரும் அந்த வெறுமை பலருக்குப் பழக்கமானது.

ஊகிப்பதைவிட, ஊகத்தைக் கைவிடுவதுதான் கடினம். 1960இல் உளவியலாளர் பீட்டர் வாசன் ஒரு புதிர் கொடுத்தார். 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிக்கு உட்பட்டவை. வேறு மூன்று எண்களைச் சொல்லிப் பார்த்து அந்த விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். பலரும் 8, 10, 12 என்றார்கள். சரி. 20, 22, 24. அதுவும் சரி. இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்று உறுதியாக அறிவித்தார்கள். தவறு. ஏறுவரிசையில் இருக்கும் எந்த மூன்று எண்ணும் போதும் என்பதுதான் விதி. 1, 2, 3 என்று ஒருமுறை கேட்டிருந்தால் அவர்கள் விதி உடைந்திருக்கும். உடைக்கும் கேள்வி மனதில் எளிதில் எழுவதில்லை. புதிய போஸ்டர் ஒவ்வொன்றும் நம் கதைக்கு ஆதாரமாகவே தெரிவதும் இதனால்தான்.

ஆனால் உடைத்துப் பார்க்கக்கூடிய ஊகங்களும் ரசிகர்களிடமிருந்து வருகின்றன. எனக்கு மிகவும் பிடித்தது கிறிஸ்டோபர் நோலனின் 2014ஆம் ஆண்டுப் படமான இன்டர்ஸ்டெல்லர் பற்றியது. அதில் கருந்துளை அருகேயுள்ள கோளில் ஒரு மணி நேரம் கழிந்தால் பூமியில் 7 ஆண்டுகள் கடந்துவிடும். ஈர்ப்பு மிகுந்த இடத்தில் காலம் மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்டைன் சொன்ன, அளந்து உறுதிசெய்யப்பட்ட உண்மை. இயற்பியலாளர் கிப் தோர்ன் கணக்கிட்டபடி, இவ்வளவு பெரிய வேறுபாடு வர வேண்டுமானால் கருந்துளை தன் உச்ச வரம்பை ஏறக்குறைய தொடும் வேகத்தில் சுழல வேண்டும். அந்தக் கோளில் கேட்கும் இசையில் ஒரு டிக் ஒலி திரும்பத் திரும்ப வருகிறது. 1.25 விநாடிக்கு ஒன்று என்று ரசிகர்கள் அளந்தார்கள். ஒவ்வொரு டிக்கும் பூமியில் ஒரு நாள் என்றார்கள்.

கணக்குப் போடலாம். ஒரு மணி நேரத்தில் 3,600 விநாடிகள். எனவே 2,880 டிக். 7 ஆண்டுகள் என்றால் சுமார் 2,557 நாட்கள். வகுத்தால் ஒரு டிக்குக்குச் சுமார் 21 மணி 20 நிமிடம். நாளுக்கு மிக அருகில் வருகிறது, ஆனால் நாள் அல்ல. முழு நாளாக வேண்டுமானால் இடைவெளி 1.4 விநாடியாக இருந்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் இதைச் சரிபார்க்கலாம் என்பதே இந்த ஊகத்தின் அழகு.

அந்த எட்டாவது ஃபிரேமுக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. இணையத்தில் வரும் வீடியோ சுருக்கப்பட்டது. பெரும்பாலான ஃபிரேம்களில் முழுப்படம் இருக்காது, முந்தைய ஃபிரேமிலிருந்து மாறியது மட்டுமே பதிவாகியிருக்கும். இருண்ட பகுதிகளில் இது கட்டம்கட்டமாகத் திட்டுகளை உண்டாக்கும், நம் கண் அதில் முகம் பார்க்கும். ஏழாவது ஃபிரேமையும் ஒன்பதாவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடியில் விழுந்த உண்மையான முகம் என்றால், தலைக்கவசம் திரும்பும்போது அதுவும் வளைந்து நகரும். சுருக்கத்தின் திட்டு என்றால் இருந்த இடத்திலேயே கலைந்துபோயிருக்கும்.