முள்தோல் மீனும் செரிக்காத நெய்யும்

குமரி மாவட்டக் கடலோரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய மாமா தங்கல் தொழிலுக்கு, அதாவது நாட்கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் தொழிலுக்குப் போகிற விசைப்படகில் இருக்கிறார். அரபிக்கடலில் கேரை என்கிற பெரிய சூரைக்காக விட்டிருந்த ஆயிரங்கால் தூண்டிலில் (நீண்ட கயிற்றில் வரிசையாகக் கொக்கிகள் தொங்கும் தூண்டில்), அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், யாருக்கும் பெயர் தெரியாத மீன் ஒன்று ஏறியிருக்கிறது. கறுப்பும் பழுப்பும் கலந்த நிறம், பெரிய கண், தடவினால் கையைக் கிழிக்கிற தோல். அறுத்தால் சதை பால் வெள்ளை. படகிலேயே குழம்பு வைத்துவிட்டார்கள். வாயில் வைத்தால் நெய்யாகக் கரைந்ததாம்.

மறுநாள் மூன்று பேருக்குச் சங்கடம். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, வயிற்றுவலிகூடப் பெரிதாக இல்லை. ஆனால் அவர்களுக்கே தெரியாமல் பின்னால் மஞ்சள் எண்ணெய் ஒழுகி கைலி நனைந்துவிட்டது. "அமாவாசை மீனைத் தின்றால் இப்படித்தான்" என்று படகில் மூத்தவர் ஒருவர் சொன்னாராம். என்ன மீன் இது, விஷ மீனா என்று கேட்கிறார் வாசகர்.

கிழிக்கும் தோல், ஒழுகும் எண்ணெய் என்ற இரண்டு தடயங்களே ஏறக்குறைய போதும். ஆனாலும் இதே வேலையைச் செய்யும் மீன்கள் இரண்டு இருப்பதால் படம் அனுப்பச் சொன்னேன். இரண்டுமே சூரைக்கும் வஞ்சிரத்துக்கும் தூரத்துச் சொந்தம். வஞ்சிரத்தின் முதுகிலும் அடியிலும் வாலை நோக்கிச் சின்னச் சின்னத் துடுப்புகள் வரிசையாக இருக்குமே, அவற்றை எண்ண வேண்டும். இரண்டுதான் என்றால் எண்ணெய் மீன், அறிவியல் பெயர் ருவெட்டஸ் பிரெடியோசஸ். நான்கு முதல் ஆறு வரை என்றால் அதன் பங்காளி எஸ்கோலார். எஸ்கோலாரின் பக்கவாட்டில் ஓடும் கோடு பாம்பு போல நெளியும். வால் ஒடுங்கும் இடத்தில் கத்தி முதுகு போல ஒரு மேடும் இருக்கும். எண்ணெய் மீனுக்கு அந்த மேடு கிடையாது, பதிலாகச் செதில்களுக்கு இடையே எலும்பு முட்கள். வயிற்றுச் செதில்களும் கூர்மையானவை. மாமாவின் போனில் இருந்த படத்தில் துடுப்புகள் இரண்டு. தோல் தேங்காய்த் துருவி மாதிரி இருந்தது. சந்தேகமில்லை, எண்ணெய் மீன்தான். 1833இல் இத்தாலியரான அனஸ்டாசியோ கோக்கோ இதற்குப் பெயர் வைத்துவிட்டார். வெப்பக் கடல்கள் எல்லாவற்றிலும் உண்டு. ஆழத்தில் வாழ்வதால் கரையோரத் தொழிலில் இருப்பவர்கள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

சரி, எண்ணெய் ஏன் ஒழுகியது? இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

நாம் சாப்பிடும் நல்லெண்ணெய், நெய், மத்தி மீனின் கொழுப்பு எல்லாம் டிரைகிளிசரைடு. கிளிசரால் என்ற சின்ன மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்கும். ஒரே காம்பில் மூன்று முருங்கைக்காய் தொங்குகிற மாதிரி. பித்தநீர் இந்த எண்ணெயைப் பொடிப்பொடித் துளிகளாக உடைத்துக் கொடுக்கும். கணையத்திலிருந்து வரும் லைப்பேஸ் என்ற நொதி காம்பைப் பிடித்துக்கொண்டு ஓரத்துக் காய்கள் இரண்டையும் நறுக்கும். நடுக்காய் காம்போடேயே குடல் சுவருக்குள் போய்விடும். மிச்சம் எதுவும் இல்லை.

எண்ணெய் மீனின் சதையில் இருக்கும் கொழுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் வேறு பொருள், மெழுகு எஸ்டர். இதில் கிளிசரால் கிடையாது. ஒரு கொழுப்பு அமிலமும் ஒரு கொழுப்பு ஆல்ககாலும் முனையோடு முனை ஒட்டிக்கொண்டிருக்கும். காம்பே இல்லாமல் இரண்டு முருங்கைக்காயை நுனியோடு நுனி ஒட்டவைத்தால் எப்படியோ அப்படி. இங்கே வேடிக்கை என்னவென்றால், அறுக்க வேண்டிய பிணைப்பு இரண்டிலும் ஒன்றேதான். ஆனால் நம் லைப்பேஸ் பிடித்துப் பழகிய காம்பு இதில் இல்லை. அதனால் பல மடங்கு மெதுவாகத்தான் அறுக்கிறது. அது கொஞ்சம் அறுத்து முடிப்பதற்குள் சாப்பாடு சிறுகுடலைத் தாண்டிவிடுகிறது.

தேன்மெழுகிலும் பெரும்பகுதி இதே வகை எஸ்டர்தான். தேனடையை மென்று விழுங்குகிறவர்களுக்கு ஏன் ஒழுகுவதில்லை? தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் வயிறு 37 டிகிரி. ஆக, விழுங்கியது திடமாகவே போய்ச் சேரும். மீனின் எஸ்டர்ச் சங்கிலிகளிலோ நடுவில் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. அந்த இடத்தில் சங்கிலி வளைந்துவிடுவதால் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொள்ள முடிவதில்லை. உடல் வெப்பத்தில் அது ஓடுகிற எண்ணெய். தலைக்கும் தோலுக்கும் தடவ விற்கிறார்களே ஜோஜோபா எண்ணெய், அதுவும் இப்படிப்பட்ட திரவ மெழுகுதான். செரிக்காமல், உறிஞ்சப்படாமல் பெருங்குடலின் கடைசிவரை வந்து தேங்குகிறது. நீர்ப்பொருளை அடக்கிவைப்பது போல ஆசனவாயை மூடிவைக்கும் தசையால் எண்ணெயை அடக்கிவைக்க முடிவதில்லை. இதை வயிற்றுப்போக்கு என்று சொல்வதுகூடச் சரியில்லை. வழக்கமான பேதியில் போகிற மாதிரி உடம்பின் நீர் இதில் வெளியேறுவதில்லை. உடல் இளைக்கக் கொடுக்கப்படும் ஆர்லிஸ்டாட் மாத்திரை லைப்பேஸை முடக்கி வேலை செய்கிறது. அதைச் சாப்பிட்டுவிட்டு எண்ணெய்ப் பதார்த்தத்தில் கைவைப்பவர்களுக்கும் இதே ஒழுகல் வரும்.

ஆங்கிலத்தில் இதை விளக்கெண்ணெய் மீன் என்றும் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. விளக்கெண்ணெய் டிரைகிளிசரைடுதான். லைப்பேஸ் அதை ஒழுங்காக அறுக்கிறது; வெளியே வரும் ரிசினோலெயிக் அமிலம் குடல் தசையைத் தூண்டிப் பேதியாக்குகிறது. விளக்கெண்ணெய் செரிப்பதால் வேலை செய்கிறது, இந்த மீன் செரிக்காததால்.

மீனுக்கு இந்த மெழுகு எதற்கு? மிதப்பதற்கு. ஆழக்கடலில் மேலும் கீழும் போய்வரும் மீனுக்குக் காற்றுப்பை பெரிய தொல்லை; 200 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல் மேற்பரப்பில் இருப்பதைப் போல ஏறக்குறைய 21 மடங்கு, காற்று நசுங்கிவிடும். எண்ணெய் நசுங்காது. கடல்நீர் ஒரு லிட்டர் 1025 கிராம், சாதாரண மீன் எண்ணெய் 925 கிராம் அளவில், மெழுகு எஸ்டர் 860. கழித்துப் பாருங்கள்: ஒரே அளவு எண்ணெய்க்கு ஒன்றரை மடங்குக்கும் அதிகமான மிதப்பு. எண்ணெய்த் திமிங்கலத்தின் தலைக்குள் இருப்பதும் பெரும்பாலும் இதே சரக்குதான்.

படகின் பெரியவர் சொன்ன அமாவாசைக் கணக்கில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. ஆழத்து உயிர்கள் பல இரவில் இரை தேடி மேலே வரும். நிலா வெளிச்சம் இல்லாத இரவில் இன்னும் மேலே வரும். கேரைத் தூண்டில் தொங்குகிற மட்டத்துக்கு இந்த மீனும் வந்திருக்கலாம். பிடிபட்டதற்கு அமாவாசையைக் காரணம் சொல்லலாம், எண்ணெய் ஒழுகியதற்குச் சொல்ல முடியாது. பௌர்ணமியில் பிடித்துத் தின்றிருந்தாலும் கைலி நனைந்திருக்கும். கடல் அனுபவத்தின் மேல் எனக்கு மரியாதை அதிகம். அதற்குள் நாள் நட்சத்திரத்தை நுழைத்து "தீட்டு மீன்" என்று முத்திரை குத்தும்போதுதான் எரிச்சல் வருகிறது.

அதைவிடப் பெரிய எரிச்சல் கரையில் இருக்கிறது. படகில் தோலோடு கிடக்கும்போது இந்த மீனை அடையாளம் காண ஒரு பார்வை போதும். தோலை உரித்துத் துண்டு போட்டுவிட்டால் வெறும் வெள்ளைச் சதை. 2007இல் ஹாங்காங்கில் எண்ணெய் மீனைக் காட் என்ற வேறொரு வெள்ளைச் சதை மீன் என்று விற்று, வாங்கியவர்கள் நூற்றுக்கணக்கில் அவதிப்பட்டார்கள். அமெரிக்காவில் ஓஷனா என்ற கடல் பாதுகாப்பு அமைப்பு 2013இல் வெளியிட்ட ஆய்வில், "வெள்ளைச் சூரை" என்று விற்ற மாதிரிகளில் 84 சதவீதம் எஸ்கோலார். ஜப்பான் பல ஆண்டுகளுக்கு முன்பே எண்ணெய் மீன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது. துண்டிலிருந்து இனத்தைக் கண்டுபிடிக்க டிஎன்ஏ பட்டைக்குறி இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு மரபணுவில் சுமார் 650 எழுத்துகளைப் படித்துப் பட்டியலோடு ஒப்பிடுவது. அருமையான முறை. ஆனால் அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் துடுப்பை எண்ணிச் செதிலைப் பார்த்துப் பெயர் சொன்ன ஓர் ஆள் இருக்க வேண்டும். 1947இல் மண்டபத்தில் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இன்றும் இறங்குதளங்களுக்கு ஆள் அனுப்பி இனம் இனமாகக் கணக்கெடுக்கிறது. இயந்திரம் வாங்கக் கிடைக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்காவது, விடியற்காலையில் ஏலக்கூடத்தில் நோட்டோடு நிற்கும் இந்த மனிதர்களுக்கும் போக வேண்டும் என்பது என் கட்சி.

வாசகர் கடைசியில் இரண்டு விஷயம் கேட்டிருந்தார். குழம்பு நன்றாகக் கொதித்ததே என்றார். மெழுகு எஸ்டருக்கு அந்தச் சூடு ஒன்றும் செய்யாது. கொஞ்சம் எண்ணெய் பிரிந்து குழம்பில் மிதக்கும், அதையும் நாம்தான் சோற்றில் ஊற்றிக்கொள்வோம். மூன்று பேருக்கு மட்டும் ஏன் என்றும் கேட்டார். எவ்வளவு தின்றார்கள் என்பது முதல் காரணம், குடலுக்குக் குடல் தாங்குதிறன் மாறுவது அடுத்தது. இரண்டு துண்டு சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவர்கள் நிறைய உண்டு. விஷமில்லை, ஓரிரு நாளில் தானாக நின்றுவிடும். ஆனால் இந்த மீனைத் தின்றபின் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வந்தால் அது எண்ணெயால் வருவதல்ல. ஐஸ் போதாமல் கிடந்த சதையில் பாக்டீரியா உண்டாக்கிய ஹிஸ்டமின். சூரை, கேரையிலும் வரும். அதற்கு மருத்துவரிடம் போக வேண்டும்.