கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் ஒரு வெறுங்கம்பு

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் உள்ள வேறுபாடு அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மழை கூடும், குறையும்; கொல்லையில் வெட்டுக்கிளிக்கும் வண்டுக்கும் பஞ்சமே இருக்காது. சைபீரியாவில் குளிர் தொடங்கியதும் பூச்சிகள் ஒடுங்கிவிடும். பூச்சியைத் தின்று வாழும் பறவையை அங்கிருந்து விரட்டுவது குளிரைவிடப் பட்டினிதான். பழுப்புக் கீச்சான் என்ற பறவை செப்டம்பர், அக்டோபரில் நம் பக்கம் வந்து ஏப்ரல் வரை தங்குவது இதனால்தான்.

மைனாவைவிடச் சிறிய பறவை. முதுகு பழுப்பு, கண் வழியே ஒரு கறுப்புப் பட்டை, நுனி வளைந்த தடித்த அலகு. காலையில் கரகரவென்று விடாமல் கத்தினால், 'இந்த இடம் என்னுடையது' என்று அடுத்த கீச்சானுக்கு எச்சரிக்கை விடுகிறது. ஒரு கொல்லையில் பெரும்பாலும் ஒன்றைத்தான் பார்க்கலாம்.

அது இரையைத் தேடி அலைவதில்லை. உயரமான இடத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். புல்லில் ஏதாவது அசைந்தால் இறங்கிக் கவ்வும், மறுபடி மேலே போகும். கழுகுக்கு உள்ள கால்வலு இதற்கு இல்லை. அதனால் பெரிய இரையைச் சில வேளை எலுமிச்சை முள்ளிலோ முள்கம்பியிலோ குத்தி வைத்துக் கிழித்துத் தின்னும். வண்டின் ஓடு செரிக்காது. சிறு உருண்டையாகக் கக்கிவிடும். கீச்சான் வழக்கமாக உட்காரும் இடத்துக்குக் கீழே தேடினால் கிடைக்கும். காய்ந்த உருண்டையைக் குச்சியால் பிரித்தால் வண்டின் சிறகுத் துண்டுகள் பளபளக்கும்.

கீச்சான் உட்காருவதற்கு வேண்டியது ஒரு வெறுங்கம்பு. கட்டைவிரல் பருமனில் இரண்டரை மீட்டர் நீளம். அரை மீட்டரை மண்ணில் இறக்குங்கள். மழைக்காலத்தில் மண் இளகிக் கம்பு சாயும், அடியில் கல் போட்டு இடித்து இறுக்க வேண்டும். சுற்றியுள்ள புல்லை ஐந்து சென்டிமீட்டருக்குள் வெட்டி, வேலியோரம் ஒரு பட்டையை மட்டும் முழங்கால் உயரத்துக்கு விடுங்கள். வெட்டுக்கிளி பெருகுவது உயரப் புல்லில், கீச்சான் கண்ணில் படுவது குட்டைப் புல்லில். முழுவதையும் மழித்தாலும் சரி, முழுவதையும் வளரவிட்டாலும் சரி, பறவைக்குப் பயனில்லை. சிமெண்டு போட்ட கொல்லையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆனால் கறிவேப்பிலைப் புழுவையும் கீச்சானே ஒழித்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இலைக்குள் துழாவுவது தையல் சிட்டின் வேலை. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி கறிவேப்பிலைத் தளிரில் முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். மூன்று நான்கு நாளில் பொரியும். இளம்புழு பறவை எச்சத்தின் தோற்றத்தில் தப்பிக்கும், வளர்ந்தது பச்சையாகி இலையோடு கலக்கும். தொட்டால் தலைக்குப் பின்னால் கவட்டையான உறுப்பை நீட்டி நாற்றம் விடும். சின்னச் செடியென்றால் கையால் பொறுக்குவதே போதும். புழுவுக்காகப் பறவையை வரவழைத்த கதை நம் நாட்டிலேயே உண்டு. 1890களில் காப்பித் தோட்டங்களுக்காக இலங்கையிலிருந்து காகத்தைக் கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு காகமே தொல்லையாகிப்போனது.

பூச்சிமருந்து தெளிப்பதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. விஷம் பட்ட வெட்டுக்கிளி உடனே சாகாது, தள்ளாடும். பறவை முதலில் பிடிப்பது அதைத்தான். எலிக்கு வைக்கும் ஒட்டுப்பசை அட்டையும் வெளியில் வேண்டாம், பறவையும் பல்லியும் ஒட்டிக்கொள்ளும். ஆப்பிரிக்க நத்தையை இரவில் கையுறை போட்டுப் பொறுக்கி உப்புக்கரைசல் வாளியில் போடலாம். எலியிலிருந்து வரும் நுரையீரல் புழு நத்தையில் இருக்கக்கூடும், வெறுங்கையால் தொடாதீர்கள். பாத்தியில் உப்பைத் தூவினால் வேர்தான் கெடும்.

தைப்பூசத்தை ஒட்டி மழை குறையும், தோட்டங்களில் பால்மரம் (ரப்பர் மரம்) இலை உதிர்க்கத் தொடங்கும். அப்போது பறவைக்கு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் தட்டு நிறையத் தண்ணீர் வைக்கலாம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரமே ஆகும். இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீரைக் கொட்டி, தட்டின் ஓரத்தை அழுந்தத் தேய்த்துக் கழுவுங்கள். அங்கே ஒட்டிய முட்டை காய்ந்த பிறகும் பல மாதம் உயிரோடிருக்கும். டிங்கிக் காய்ச்சல் பரவ அதுவே போதும்.

ஏப்ரல் கழிந்து கீச்சான் போனதும் உயரப் புல்லை வெட்டிக்கொள்ளலாம். கம்பைப் பிடுங்க வேண்டாம், ஆண்டு முழுக்க இங்கேயே இருக்கும் வெண்தொண்டை மீன்கொத்தியும் வெட்டுக்கிளிக்காக அதில் வந்து உட்காரும்.