ஆம்பிஷன்: பேராசையா, பேரவாவா?

வில்லனுக்கு ஆம்பிஷன் இருந்தால் 'பேராசை' என்று எழுதுகிறோம். பேட்டியில் ஒருவர் தன் ஆம்பிஷனைச் சொன்னால் அது 'லட்சியம்' ஆகிவிடுகிறது. இந்தக் குழப்பம் சொல்லோடு பிறந்தது.

மூலம் லத்தீன். 'ஆம்பி' என்றால் சுற்றி, 'ஈரே' என்றால் போதல். பழைய ரோமில் பதவிக்கு நின்றவர்கள் சுண்ணம் தேய்த்து வெளுத்த அங்கியோடு ஊரைச் சுற்றி, கையைப் பிடித்து ஓட்டுக் கேட்டார்கள். அந்தச் சுற்றல்தான் 'ஆம்பிட்டியோ'. ('கேண்டிடேட்' என்ற சொல்லும் அந்த வெள்ளை அங்கி தந்ததே.) அதே வேரில் வந்த 'ஆம்பிடஸ்' தேர்தல் முறைகேட்டுக்குப் பெயர். கி.மு. 63இல் ரோமின் ஆட்சித் தலைவர்களில் ஒருவரான சிசரோ கொண்டுவந்த சட்டம் அதற்குப் பத்தாண்டு நாடுகடத்தல் விதித்தது.

ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தில் இச்சொல்லின் இரு முகமும் தெரியும். படைத்தலைவனான தன் கணவன் மேக்பெத்துக்கு ஆம்பிஷன் உண்டு, அதற்குத் துணையாக வேண்டிய கெட்ட குணம்தான் இல்லை என்று மனைவி அலுத்துக்கொள்கிறாள். அப்படியென்றால் இரண்டும் வேறு வேறு, இல்லையா? முதல் அங்கம் ஏழாம் காட்சியில் மன்னன் டங்கன் மேக்பெத்தின் கோட்டையில் விருந்துண்கிறான். அவனைக் கொன்று அரசனாகலாமா என்று மேக்பெத் தனியே வந்து கணக்குப் போடுகிறான்: டங்கன் உறவினன், தன் அரசன், இன்று விருந்தாளியும்கூட. கொலைகாரன் வராமல் கதவடைக்க வேண்டியவனே கத்தி எடுப்பதா? கொல்லக் காரணம் ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பது எகிறிக் குதித்து மறுபக்கம் விழுகிற ஆம்பிஷன் மட்டும்தான் என்று அவனே சொல்கிறான். முன்னே அவனுக்குக் குறி சொன்ன சூனியக்காரிகளும் 'அரசனாவாய்' என்றார்களே தவிர, கொல் என்று சொல்லவில்லை. அப்புறம் மனைவி வந்து 'நீ ஆண்தானா' என்கிற தொனியில் கேட்க, கணக்கு கலைகிறது. பின்னால் சக படைத்தலைவன் பாங்கோவையும், மக்டஃப் என்ற பிரபுவின் மனைவி மக்களையும் கொல்லச் செய்வது, என்னைக் கேட்டால், ஆம்பிஷனே அல்ல. கையில் வந்த மகுடம் போய்விடுமோ என்ற பயம்.

சரி, தமிழில் என்ன எழுதுவது? 'பேராசை'யில் பண வாடை அதிகம். குறளில் உயர்ந்த எண்ணமும் ஆசையும் தனித்தனி அதிகாரங்களாகவே கிடக்கின்றன. 'உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்' என்பது ஊக்கமுடைமை. ஆசையை விடச் சொல்வது அவாவறுத்தல். பிறர் பொருளைக் கவர நினையாதிருப்பது வெஃகாமை. அரசனாக வேண்டும் என்று மேக்பெத் நினைத்தது பேரவா. டங்கன் தலையில் இருக்கும் மகுடத்துக்கே குறிவைத்தது வெஃகல். நாடகம் பற்றி எழுதுபவர்கள் இந்த இரண்டையும் பிரித்து எழுதலாம். செய்தியில் வரும் 'ஆம்பிஷியஸ்' திட்டத்துக்குப் பெருந்திட்டம் என்றால் போதும்.