ரெண்டுமே 8ஏ காட்டுதுன்னு கண்ண மூடிட்டு மிக்ஸ் பண்ணாதீங்க

போன ஞாயித்துக்கிழமை ஒரு ரிசப்ஷன். டிஜே டெக்ல நின்னது ஆறு மாசமா என்கூட வர்ற தம்பி. பொண்ணு மாப்பிள்ளை மண்டபத்துக்குள்ள வர்ற நேரம், வயலின் பிட் ஒண்ணு ஓடிட்டிருக்கு, அது மேலயே அடுத்த பாட்டோட பேஸ ஏத்தி 16 பார் ப்ளெண்ட் பண்றான். பேஸ் உள்ள வந்ததுதான் தெரியும், வயலின் ஒரு பக்கம் இழுக்குது பேஸ் ஒரு பக்கம் இழுக்குது, 100 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 100 தட்டு) 16 பார்னா, பாருக்கு 4 தட்டு, 38 செகண்ட், அத்தனை நேரமும் அப்படியே ஓடுச்சு. பக்கத்துல கீபோர்ட பேக் பண்ணிட்டிருந்த மெல்லிசைக் குழு அண்ணன் "சுதி சேரலையே தம்பி"ன்னாரு. அவரு தொழில் தெரிஞ்சவரு, விடுங்க. முன் வரிசைல உக்காந்திருந்த ஒரு பாட்டியும் முகத்த சுளிச்சாங்க, அதுதான் எனக்கு உறைச்சுது. பையன்கிட்ட கேட்டா "அண்ணா, ரெண்டுமே 8ஏ தானே காட்டுது"ங்கறான். 8ஏ-ன்னா கேமலாட்ங்கற நம்பர் முறையில ஏ மைனர். டிஜே சாஃப்ட்வேர் ஒவ்வொரு பாட்டுக்கும் கீ, அதாவது சுருதி, பார்த்து இப்படி ஒரு நம்பர் போடும், ஒரே நம்பர்னா சேரும்னு கணக்கு. இந்த வருஷம் இதே பதில் சொன்ன நாலாவது ஆள் இவன்.

நடந்தது ரொம்ப சின்ன விஷயம். வயலின் இருந்த பாட்டு 96 பிபிஎம், அடுத்தது 100. முதல் பாட்ட வேகமாக்கி 100-க்கு கொண்டு வந்துட்டான், வேகம் மாறினாலும் சுருதி மாறாம பிடிச்சு வைக்கற மாஸ்டர் டெம்போ பட்டன் ஆஃப்ல இருக்கு. வேகம் 4 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல ஏறிடுச்சு, கூடவே சுருதியும் ஏறிடுச்சு. 6 சதவீதம் ஏத்தினா சரியா அரைக்கட்டை, அதாவது கீபோர்டுல கருப்பு வெள்ளை சேத்து அடுத்த கட்டை. அப்போ இவன் ஏத்தினது அரைக்கட்டையில முக்காவாசி, எந்த கட்டையிலயும் நிக்காம நடுவுல தொங்குது. லிஸ்ட்ல எழுதியிருக்கற 8ஏ, பாட்டு அதோட சொந்த வேகத்துல ஓடுறப்ப மட்டும்தான் 8ஏ. இத நான் இன்னும் எத்தனை தடவை சொல்றதுன்னு தெரியல.

ஆனா மாஸ்டர் டெம்போ போட்டுட்டா எல்லாம் சரின்னு நினைக்காதீங்க, பெரிய பிரச்சனை வேற. சாஃப்ட்வேர் காட்டற கீ ஒரு ஊகம். தயவுசெஞ்சு இத மனசுல ஏத்திக்கோங்க. அதுக்குத் தெரிஞ்சது மொத்தம் 24 டப்பாதான், 12 மேஜர் 12 மைனர், எந்தப் பாட்ட குடுத்தாலும் அதுல ஒண்ணுல போட்டே ஆகணும்னு போடும், "எனக்குத் தெரியல"ன்னு சொல்றது ரொம்ப அபூர்வம். வெறும் பறையும் தவிலும் மட்டும் ஓடுற ட்ராக்க குடுத்துப் பாருங்க, பெரும்பாலும் அதுக்கும் ஒரு கீ எழுதிக் குடுக்கும்! ஹவுஸ், டெக்னோ மாதிரி ஒரே பேஸ் ஒரே கார்டுல ஓடுற பாட்டுக்கு பெரும்பாலும் சரியாவே சொல்லும், அத நான் மறுக்கல. நம்ம பாட்டு அப்படியா இருக்கு? 6 கட்டைல, அதாவது ஏ-ய ச-வா வச்சு, மாயாமாளவகௌளை ராகத்துல ஒரு மெட்டு வந்தா அது மேஜரும் இல்ல மைனரும் இல்ல. பெரிய க இருக்கேன்னு ஒரு சாஃப்ட்வேர் 11பி (ஏ மேஜர்)-ன்னு சொல்லலாம், சுத்தி இருக்கற சுரத்த பார்த்து இன்னொன்னு 7ஏ (டி மைனர்)-ன்னு சொல்லலாம். நீங்க 11பி-ய நம்பி ஒரு ஏ மேஜர் பாட்ட பக்கத்துல வச்சா, இங்க சின்ன ரி அங்க பெரிய ரி, இங்க சின்ன த அங்க பெரிய த, ரெண்டும் உரசிக்கிட்டே இருக்கும். கேமலாட் வீல் (அந்த நம்பரெல்லாம் வட்டமா போட்ட சார்ட்) படி சேரும்னு சாஃப்ட்வேர் பச்சை கலர் காட்டுதேன்னா காட்டும், காதுல என்ன விழுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

8ஏ-யும் 8பி-யும் (ஏ மைனரும் சி மேஜரும்) மாறிக் காட்டுறது வேற கதை, அதுல அவ்வளவா சேதம் இல்ல. ரெண்டும் அதே ஏழு சுரம், சங்கராபரணத்துல த-வ ச-வா வச்சா நடபைரவி வர்ற அதே க்ரகபேதம்தான், சுரம் மாறாது, ச மட்டும் எடம் மாறும். பாட்டு படிச்சவங்க இத சட்டுனு புடிச்சுக்குவாங்க.

இன்னொன்னு, சினிமாப் பாட்டுல இடையிசைல சுருதியே மாறும். சாஃப்ட்வேர் பெரும்பாலும் மொத்தப் பாட்டுக்கும் ஒரே கீதான் எழுதும். நீங்க மிக்ஸ் பண்றது கடைசி 16 பார்ல, அது எங்க நிக்குதுன்னு யாரு பார்க்கறது? அப்புறம் யூடியூப்லேருந்து இறக்கின ஃபைல். காப்பிரைட்டுக்கு பயந்து சுருதிய கொஞ்சம் ஏத்தி இறக்கி போடறவங்க எத்தனையோ பேர். அந்த ஃபைல வச்சுக்கிட்டு நெட்ல எவனோ போட்ட கீ லிஸ்ட்ட பார்த்து மிக்ஸ் பண்ணா விளங்குமா? ஒரிஜினல காசு குடுத்து வாங்குங்கப்பா, நீங்க கல்யாணத்துக்கு காசு வாங்கித்தான வாசிக்கறீங்க.

அப்போ எப்படி கண்டுபிடிக்கறது? பல்லவி முடியற எடத்துல 4 பார் லூப் போடுங்க. ஹெட்ஃபோன ஒரு காதுல மட்டும் வச்சுட்டு, பாட்டு எங்க வந்து உக்காருதோ அந்த சுரத்த வாயால முனகுங்க. வாய்விட்டு முனகணும், மனசுக்குள்ள இல்ல. அத கீபோர்டுல தேடுங்க, போன்ல இருக்கற பியானோ ஆப் போதும். கெடச்சது ச. அந்தக் கட்டைய விட்டுட்டு, கருப்பு வெள்ளை ரெண்டையும் சேத்து மேல எண்ணுங்க: மூணாவது கட்டை பாட்டோட ஒட்டுச்சுன்னா மைனர், நாலாவது ஒட்டுச்சுன்னா மேஜர். ரி-யும் த-வும் விடாம கடிக்குதுன்னா அந்தப் பாட்ட வீல் பக்கமே கொண்டு போகாதீங்க, தாளம் மட்டும் ஓடுற எடம் பார்த்து மாறுங்க, இல்ல நேரா கட் பண்ணுங்க. கட் பண்றது ஒண்ணும் கேவலம் இல்ல. கண்டுபிடிச்சத சாஃப்ட்வேர்ல பாட்டுக்குப் பக்கத்துல இருக்கற கமெண்ட் காலம்ல உங்க கையால எழுதுங்க, "6 கட்டை மைனர், கடைசில 1 கட்டை மேஜர்"னு.

ஒரு பாட்டோட சுருதிய இன்னொண்ணுக்கு மாத்தற கீ சிங்க் பட்டன நம்பி மூணு நாலு செமிடோன் (ஒரு செமிடோன்னா அரைக்கட்டை) தூக்காதீங்க, பாடகர் குரல் கார்ட்டூன் குரலாயிடும். அரைக்கட்டைக்கு மேல நான் தொடவே மாட்டேன். மாஸ்டர் டெம்போவையும் ரொம்ப இழுக்காதீங்க, கிக் ட்ரம் அடி நசுங்கி கொழகொழன்னு ஆயிடும்.

ஒருத்தர் பென்ட்ரைவ இன்னொருத்தர் வாங்கி ப்ளே பண்றீங்கன்னா, நம்பருக்குப் பின்னாடி என்ன எழுத்து இருக்குன்னு மொதல்ல பாருங்க. ட்ராக்டர்ங்கற டிஜே சாஃப்ட்வேர் 8எம்-னு காட்டறது ஓப்பன் கீங்கற வேற நம்பர் முறை, அது கேமலாட்ல 8ஏ இல்ல, 3ஏ. ஒண்ணு ஏ மைனர், இன்னொன்னு அதுக்கு அரைக்கட்டை மேல. ரெண்டையும் 8-தானேன்னு ஒட்டினா அதைவிட மோசமான மோதல் கிடையாது.

வாரத்துக்கு 20 பாட்டு எடுத்துட்டு ஒக்காருங்க, போதும். அந்தத் தம்பிய நாளைக்கு காலைல வரச் சொல்லியிருக்கேன், லேப்டாப் இல்லாம. சுருதிப் பெட்டிய எடுத்து தூசி தட்டி வச்சிருக்கேன், மொதல்ல அந்த வயலின் பிட்டுலேருந்துதான் ஆரம்பிக்கப் போறோம்.