புற்றுக்கட்டிக்குள் வைரஸ் ஊசி: என்ன நடக்கிறது, எதைக் கவனிக்க வேண்டும்

"வைரஸை வைத்துப் புற்றுநோயைக் குணப்படுத்துகிறார்களாமே?" என்று கேட்பவர்களின் மனதில் பெரும்பாலும் ஒரே சித்திரம்தான் இருக்கிறது. ஊசி வழியாக உள்ளே போன வைரஸ், புற்றுச் செல்களை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்துவிடும் என்று நினைக்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை. ஊசி போட்ட இடத்தில் செல்கள் வெடித்துச் சாவது நிஜம். ஆனால் வைரஸ் தனியாக ஒரு கட்டியை முழுதாக அழிப்பது அரிது. கட்டியைக் கண்டும் காணாமல் கிடந்த நோய் எதிர்ப்பு மண்டலத்தை உலுக்கி எழுப்புவதுதான் அதன் பெரிய வேலை. இது புரிந்தால் இந்தச் சிகிச்சை யாருக்குப் பொருந்தும், ஏன் பலருக்குப் பலன் தருவதில்லை, வீட்டில் என்ன கவனம் தேவை என்பதெல்லாம் தானாகப் பிடிபடும்.

இந்த அறிவு புற்றுநோய் ஆய்வில் மட்டும் பிறந்ததல்ல. நம் உடலின் கண்ணில் வைரஸ் எப்படி மண்ணைத் தூவுகிறது என்று ஆராய்ந்தவர்களின் பங்கு இதில் பெரிது. முயல்களைத் தாக்கும் மிக்சோமா வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1950இல் ஆஸ்திரேலியாவில் முயல் தொல்லையைக் கட்டுப்படுத்த இதைப் பரப்பினார்கள். தொடக்கத்தில், தொற்றிய ஐரோப்பிய முயல்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் செத்துப்போயின. மக்கள் பயந்தபோது, மனிதருக்கு இதனால் தீங்கில்லை என்று காட்ட பர்னெட், ஃபென்னர், குளூனிஸ் ராஸ் ஆகிய மூன்று விஞ்ஞானிகளும் 1951இல் தங்கள் உடலிலேயே அதை ஏற்றிக்கொண்டார்கள். மூவருக்கும் எதுவும் ஆகவில்லை.

முயலை இப்படிக் கொல்லும் வைரஸ் மனிதரிடம் ஏன் தோற்கிறது? கனடாவிலும் பிறகு அமெரிக்காவிலும் பணியாற்றிய கிராண்ட் மக்ஃபாடன் போன்றோரின் ஆய்வு வாழ்க்கை இந்தக் கேள்வியைச் சுற்றியே ஓடியது. தொற்றிய செல்லிலிருந்து சில புரதங்களை இந்த வைரஸ் வெளியே கசியவிடுகிறது. அவை முயலின் சொந்த ஏற்பிகளை, அதாவது செல்லின் மேற்பரப்பில் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்களை, போலவே இருக்கும். அபாயச் செய்தி கொண்டுபோகும் டிஎன்எஃப், காமா இன்டர்ஃபெரான் ஆகியவற்றை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். செய்தி போக வேண்டிய இடத்துக்குப் போகாது. இப்படிப்பட்ட போலி ஏற்பிகளுக்கு வைரோசெப்டர் என்று பெயர் வந்தது. அவற்றில் ஒன்றின் மரபணுவை நீக்கிவிட்டு அதே வைரஸை முயலுக்குக் கொடுத்தால் நோய் வெகுவாகத் தணிந்துபோகிறது. ஆக, அதன் கொடூரத்தில் பெரும்பங்கு அது ஏமாற்றும் திறமையில் இருக்கிறது.

மனித செல்லில் இந்த ஏமாற்று எடுபடுவதில்லை. இன்டர்ஃபெரானும் டிஎன்எஃப்பும் கைகோத்து அதை முடக்கிவிடுகின்றன. புற்றுச் செல்லின் கதை வேறு. கட்டுப்பாடில்லாமல் பெருகும் அவசரத்தில் பல புற்றுச் செல்கள் தங்கள் இன்டர்ஃபெரான் காவலை இழந்திருக்கும். மிக்சோமா பெருக உதவும் ஏகேடி என்ற புரதமும் ஓயாமல் முடுக்கப்பட்டிருக்கும். பூட்டில்லாத அந்த வீட்டுக்குள் மிக்சோமா நுழைந்து பெருகுகிறது. இது இன்னும் அங்கீகாரம் பெற்ற மருந்தாகவில்லை. ஆனால் இந்தத் துறையின் அடிப்படைக் கணக்கு இதுதான்: வைரஸின் முகமூடியைக் கழற்றினால் நல்ல செல்லில் அது பிழைக்காது, காவல் இழந்த புற்றுச் செல்லில் பிழைக்கும்.

இந்தக் கணக்கு மருந்தாக வந்த தெளிவான உதாரணம் டி-வெக். இம்லைஜிக் என்ற பெயரில் விற்கப்படுகிறது. அமெரிக்காவில் 2015 அக்டோபரில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. உதட்டோரம் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ் வைரஸ்தான் மூலம். அதில் இரண்டு மரபணுக்களை வெட்டி எடுத்திருக்கிறார்கள். முதலாவது ஐசிபி34.5. வைரஸ் நுழைந்ததை அறிந்ததும் நம் செல் பிகேஆர் என்ற காவல்காரனை எழுப்பி, புரத உற்பத்தியையே நிறுத்திவிடும். அந்த நிறுத்தத்தைத் தகர்ப்பது ஐசிபி34.5. அது போய்விட்டதால் நல்ல செல்லில் வைரஸ் வளர முடியாது. இரண்டாவது ஐசிபி47. தொற்றிய செல், தனக்குள் இருக்கும் அந்நியத் துணுக்குகளை மேற்பரப்பில் தூக்கிக் காட்டவிடாமல் இது தடுத்துவந்தது. இதை நீக்கியதும், கெட்ட செல்லைத் தேடிக் கொல்லும் டி செல்களின் பார்வைக்கு எல்லாம் தெரிகிறது. காலியான இடத்தில் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற மனிதப் புரதத்தின் மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள். செத்த செல்களின் துணுக்குகளைப் பொறுக்கி டி செல்லுக்குக் காட்டும் செல்களை அது அந்த இடத்துக்கு வரவழைக்கிறது.

பலன் எவ்வளவு? 436 நோயாளிகள் பங்கேற்ற பெரிய ஆய்வில், 6 மாதமாவது நீடித்த பலன் 16.3 விழுக்காட்டினருக்குக் கிடைத்தது. ஒப்பீட்டுக் குழுவில் அது 2.1 விழுக்காடு. ஊசி போட்ட கட்டிகளில் 64 விழுக்காடு பாதிக்கும் கீழே சுருங்கின. ஊசி படாத, தோல் பக்கத்துக் கட்டிகளில் 34 விழுக்காடும், உள்ளுறுப்புக் கட்டிகளில் 15 விழுக்காடும் அப்படிச் சுருங்கின. இந்த இறங்குவரிசையை நன்றாகக் கவனியுங்கள். ஊசி படாத கட்டி சுருங்கினால் அது நோய் எதிர்ப்பின் வேலை. ஆனால் ஈரல், நுரையீரல் வரை அது போய்ச் சேர்வது குறைவு. எனவே உள்ளுறுப்புகளில் நோய் பரவியவருக்கு இதை மட்டுமே நம்பச் சொல்வது சரியல்ல. நோய் எதிர்ப்பைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த மூன்றாம் கட்ட ஆய்வும் எதிர்பார்த்த கூடுதல் பலனைக் காட்டவில்லை.

அளவில் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் ஊசியில் மில்லி லிட்டருக்கு 10 லட்சம் உயிருள்ள வைரஸ் அலகுகள்தான் இருக்கும். மூன்று வாரம் கழித்து அதன் நூறு மடங்கு, அதாவது 10 கோடி. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. வாழ்நாளில் ஹெர்பிஸ் தொற்றாதவருக்கு முழு அளவை எடுத்த எடுப்பில் கொடுத்தால் கடும் காய்ச்சல் வரக்கூடும். முதலில் குறைவாகக் கொடுத்து, எதிர்ப்பொருள் உருவாக அவகாசம் விடுகிறார்கள். ஒரு தடவைக்கு மொத்தம் 4 மில்லி லிட்டருக்கு மேல் கிடையாது. 5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிக்கு 4 மி.லி. வரை, அரை செ.மீ.க்கு உட்பட்டதற்கு 0.1 மி.லி. வரை. ஒரே துளை வழியாக ஊசியை உள்ளே விட்டு, விசிறிபோல் பல திசைகளில் நகர்த்திப் பரப்ப வேண்டும். ஒரே இடத்தில் கொட்டினால் கட்டியின் மற்ற பகுதிக்கு மருந்தே போகாது.

வைரஸை எண்ணுவது எப்படி என்பதும் தெரிந்திருப்பது நல்லது. மருந்தைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, தட்டில் ஒரு படலமாக வளர்ந்திருக்கும் செல்கள்மீது விடுவார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து, வைரஸ் மிதந்து பரவாதபடி கெட்டியான கூழை மேலே ஊற்றுவார்கள். சில நாளில், வைரஸ் விழுந்த இடத்தில் செல்கள் செத்து வட்டமான ஓட்டை விழும். ஊதாச் சாயம் போட்டால் உயிரோடிருந்த செல் நிறம் பிடிக்கும், ஓட்டை வெளுப்பாகத் தெரியும். லட்சம் மடங்கு நீர்த்ததில் அரை மி.லி. விட்டு 42 ஓட்டை விழுந்தால், மூலத்தில் மி.லி.க்கு 84 லட்சம் அலகுகள். இதில் தவறு நேரும் இடங்கள் இரண்டு. வைரஸ்கள் கொத்தாக ஒட்டியிருந்தால் பத்து சேர்ந்து ஒரே ஓட்டையாகி, எண்ணிக்கை குறைத்துக் காட்டும். உறைந்ததை உருக்கி, மறுபடி உறையவைத்தால் வைரஸ் செத்துக் குறையும். அதனால்தான் டி-வெக்கை மைனஸ் 70 முதல் மைனஸ் 90 டிகிரியில் வைக்கிறார்கள். உருக்கியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது.

இது வெறும் ஆய்வகச் சடங்கல்ல. லாட்வியாவில் 2004இல் பதிவுபெற்று, வெளிநாட்டு நோயாளிகள் தேடிப்போன ரிக்விர் என்ற வைரஸ் மருந்தின் விநியோகம் 2019இல் நிறுத்தப்பட்டது. சொன்ன அளவைவிட வெகு குறைவான வைரஸே அதில் இருந்ததாகப் பரிசோதனை காட்டியது. "இயற்கை வைரஸ், பக்கவிளைவே இல்லை" என்று யாராவது சொன்னால், அந்தக் குப்பியில் எத்தனை அலகு இருக்கிறது, எந்த நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பு எந்தப் புற்றுநோய்க்கு அனுமதித்திருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். ஜப்பான் 2021இல் மூளைக்கட்டிக்கு அனுமதித்த ஹெர்பிஸ் மருந்துகூட நிபந்தனையோடு, காலவரம்போடுதான் வந்தது.

சிகிச்சையில் இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முதல் சில வாரங்களில் கட்டி பெரிதாகலாம், புதிதாக ஒன்று முளைக்கவும் செய்யலாம். நீடித்த பலன் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு முதலில் இப்படித்தான் ஆனது. அதைப் பார்த்துப் பயந்து, மருத்துவரைக் கேட்காமல் பாதியில் விடாதீர்கள். காய்ச்சல், நடுக்கம், களைப்பு ஓரிரு நாள் வரும். ஊசி போட்ட இடத்தைக் காற்றுப்புகாக் கட்டால் குறைந்தது ஒரு வாரம் மூடி வைக்க வேண்டும். கசிவு நிற்காவிட்டால் இன்னும் அதிக நாள். கட்டு மாற்றுபவர் கையுறை போட வேண்டும், கழற்றியதை நெகிழிப் பையில் கட்டிப் போட வேண்டும். கர்ப்பிணியும், நோய் எதிர்ப்புக் குறைந்தவரும் அந்தக் கட்டைத் தொடவே கூடாது. எதிர்ப்பு சக்தி ஒடுங்கிய நோயாளிக்கே இந்த ஊசி கிடையாது. நல்ல செல்லில் வைரஸை அடக்கும் காவல் அவர் உடலில் இல்லை.

உதட்டிலோ விரலிலோ கண்ணிலோ கொப்புளம் வந்தால் உடனே காட்டுங்கள். இந்த வைரஸைச் செய்தவர்கள் தைமிடின் கைனேஸ் என்ற மரபணுவை வேண்டுமென்றே வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அசைக்ளோவிர் மாத்திரை வேலை செய்ய அது தேவை. தொற்று கைமீறினால் அந்த மாத்திரையால் வைரஸை அடக்கலாம். அதே மாத்திரை கட்டிக்குள் இருக்கும் வைரஸையும் சேர்த்து முடக்கக்கூடும். எனவே பழைய கொப்புளத்துக்கு வாங்கி வைத்ததை எடுத்து நீங்களாக விழுங்கிவிடாதீர்கள்.