மதிப்பீட்டு அறிக்கையைப் பள்ளியிடம் சொல்லலாமா?

கல்வி உளவியலாளராகிய என்னிடம், பிள்ளையின் கற்றல் அல்லது கவனச் சிக்கல்களை ஆராய்ந்து எழுதிய மதிப்பீட்டு அறிக்கையைப் பெற்றுக்கொள்ளும் தமிழ்ப் பெற்றோர் பலர் முதலில் கேட்பது, "இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லத்தான் வேண்டுமா?" என்பதுதான். உறவினர் என்ன பேசுவார்கள், பிள்ளைமீது முத்திரை விழுந்துவிடுமோ, சிறப்புப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்களோ என்ற அச்சங்கள் அவர்களை உறங்கவிடுவதில்லை. கடைசி அச்சத்துக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடலாம்: சிங்கப்பூரில் சிறப்புக் கல்வித் தேவையுள்ள மாணவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வழக்கமான பள்ளிகளில்தான் படிக்கிறார்கள்.

ஆசிரியர்களின் தயக்கம் வேறு வகையானது. இப்பிள்ளைகள் தங்கள் வகுப்பில் இருக்கக்கூடாது என்று சொல்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் 40 பேர் வரை அமர்ந்திருக்கும் வகுப்பில் ஒருவனுக்கென்று எப்படி நேரம் ஒதுக்குவது என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. எனக்குக் கவலை தருவது, பள்ளியில் சிறப்புத் தேவைகளுக்கென்று தனி அலுவலர் இருப்பதாலேயே "அது அவர் வேலை" என்று சிலர் ஒதுங்கிக்கொள்வதுதான். பிள்ளையின் பெரும்பாலான நேரம் கழிவது வகுப்பறையில் அல்லவா?

தமிழாசிரியர் ஒருவர் ஒரு மாணவனை "சொல்பேச்சுக் கேளாதவன்" என்றே நினைத்திருந்தார். புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் திறந்து, இரண்டாம் பத்தியை வாசித்து விடை எழுதுங்கள் என்று அவர் ஒரே மூச்சில் சொல்வார். அவன் புத்தகத்தை எடுப்பதற்குள் மற்றவர்கள் எழுதத் தொடங்கியிருப்பார்கள். அவனுக்குக் கவனக்குறைவுப் பிரச்சினை இருப்பதைப் பெற்றோர் தெரிவித்த பிறகு, அதே கட்டளையை நான்கு வரிகளாகச் சிறு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டினார். முடித்த ஒவ்வொன்றுக்கும் அவனே குறியிட்டான். சில வாரங்களில் யாரும் தூண்டாமலே விடை எழுதத் தொடங்கினான். பக்கத்து இருக்கைப் பிள்ளைகளும் அந்த அட்டையைப் பார்த்து எழுதினார்கள். இத்தகைய மாணவர்களால் தங்கள் பிள்ளையின் படிப்பு கெடும் என்று அஞ்சும் மற்றப் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அறிக்கையை மறைப்பதால் நேரடி இழப்பும் உண்டு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குப் பெற்றோர் தாமாக விண்ணப்பிக்க முடியாது. உரிய ஆவணங்களுடன் பள்ளிதான் விண்ணப்பிக்கும். ஆகவே, ஆறாம் ஆண்டுவரை காத்திராமல் வகுப்பாசிரியரை இப்போதே சந்தியுங்கள். அறிக்கையோடு, வீட்டுப்பாடத்தின்போது பிள்ளைக்கு எது உதவுகிறது, எது அவனைக் கலங்கவைக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மறுநாள் வகுப்பில் ஆசிரியருக்கு முதலில் பயன்படப்போவது அந்தத் தாள்தான்.